சங்கு, மணி, சேகண்டி: கப்பலில் ஒலிக்கருவிகளைப் பொருத்தி சர்வேக்குத் தயார்செய்யும் முறை

மும்பை தாருகானாவில் படகு வேலை பார்க்கும் பட்டறைகளுக்குத் தூத்துக்குடியிலிருந்தும் குமரியிலிருந்தும் வந்து சேரும் பையன்கள் எல்லாரிடமும் ஒரே அவசரத்தைப் பார்க்கிறேன். ஒலிக்கருவி போட வேண்டும் என்று ஓனர் வாயைத் திறந்ததும் கடைக்கு ஓடி ஒரு ஹாரனை வாங்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். "அண்ணே, ஹாரன் வாங்கியாச்சு. எங்க மாட்டணும்?" இது நான்காவது படியில் கேட்க வேண்டிய கேள்வி. முதல் மூன்றையும் தாண்டிக் குதித்ததால்தான் பாதி ஹாரன்கள் கடைக்கே திரும்பிப் போகின்றன. சில கடைகளில் திருப்பி எடுக்கவும் மாட்டார்கள்.

இங்கே சொல்வதெல்லாம் 1972-ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிகளை ஒட்டியது. கப்பல்காரர்கள் கோல்ரெக் என்பார்கள். அதில் 33-வது விதி என்னென்ன கருவி வேண்டும் என்கிறது; 3-வது இணைப்பு அந்தக் கருவி எப்படி இருக்க வேண்டும் என்கிறது. 34, 35-வது விதிகள் எப்போது எதை ஒலிப்பது என்பதற்கு. ஆழ்கடலுக்கு மட்டுமல்ல, கடற்கப்பல் வந்துபோகும் மும்பை துறைமுக நீருக்கும் இது பொருந்தும்.

பெயர்களை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். விதிநூல் "விசில்" என்று எழுதுவது வாயில் வைத்து ஊதும் பீப்பி அல்ல. நாம் ஹாரன் என்றும் சங்கு என்றும் சொல்லும் கருவி. "காங்" என்பது நம்முடைய சேகண்டிதான்: தட்டையான வட்டத் தகடு, கட்டையால் அடிப்பது. பட்டறையில் சேகண்டி என்றதும் "சாவு வீடாண்ணே?" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும், ஆனால் அந்தப் பெயர் மறக்காது.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

50 மீட்டர் டேப், தூக்குக்குண்டு, ஸ்டாப்வாட்ச், ஒன்றரை அடி ஸ்டீல் ஸ்கேல், தராசு, மல்டிமீட்டர், பிரஷர் கேஜ், காதுக்கவசம் இரண்டு ஜோடி, வாக்கி-டாக்கி இரண்டு. சவுண்ட் லெவல் மீட்டரை வாடகைக்கு எடுத்தால் போதும். மொபைல் செயலியை நம்பாதீர்கள்: போனின் மைக் பேச்சுக்காகச் செய்தது, ஹாரன் சத்தத்தில் திணறிப்போய் ஏதாவது ஓர் எண்ணைக் காட்டும்.

காகிதத்தில் படகின் பொது அமைப்பு வரைபடம், பதிவுச் சான்றிதழ், வாங்கப்போகும் கருவியின் வகை அங்கீகாரச் சான்றிதழ் (அந்த மாடலைச் சோதித்து விதிக்குப் பொருந்துகிறது என்று கொடுத்த சான்று) ஆகிய மூன்றும் வேண்டும். மூன்றாவதன் நகலைக் காட்டாத கடையில் பணம் கொடுக்காதீர்கள்.

1. முதலில் நீளத்தை அளந்துகொள்ளுங்கள்

எல்லாமே நீளத்தில் தொங்குகிறது. எந்தக் கருவி, எவ்வளவு சத்தம், எந்தச் சுருதி என்ற மூன்றையும் அதுதான் முடிவு செய்கிறது. விதி கேட்பது மொத்த நீளம், அதாவது முன்முனையிலிருந்து பின்முனை வரை.

புதியவர்கள் பதிவுச் சான்றிதழைப் புரட்டி அங்குள்ள எண்ணை எழுதிக்கொள்வார்கள். அங்கே இருப்பது பெரும்பாலும் பதிவு நீளம். அதை அளக்கும் புள்ளிகள் வேறு, ஆகவே டெக்கின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி அதில் சேராமல் போகலாம்.

ஒரு தண்ணீர் பார்ஜில் இப்படித்தான் மாட்டிக்கொண்டோம். காகிதத்தில் 19.40 மீட்டர். அதை நம்பி 20 மீட்டருக்குக் குறைவான படகு என்று சின்ன ஹாரன் ஒன்றை மாட்டியாகிவிட்டது. படகைப் பரிசோதித்துச் சான்று தரும் சர்வேயர் கரையில் நின்று கண்ணாலேயே படகை ஒரு முறை அளந்தார். பிறகு டேப்பைக் கேட்டார். 20.65 வந்தது. அந்த ஒன்றேகால் மீட்டரால் ஹாரன் மாறியது, மணி ஒன்று கூடுதலாகத் தேவைப்பட்டது, வாரம் ஒன்று போனது. படகைக் கட்டிப்போட்ட செலவு இரண்டு ஹாரன் விலையைத் தாண்டியது.

அளக்கும் முறை எளிது. அலை குறைந்த நேரத்தில் படகை ஜெட்டிக்கு இணையாக இழுத்துக் கட்டுங்கள். முன்முனையிலிருந்து தூக்குக்குண்டை இறக்கி ஜெட்டியில் சாக்பீஸால் குறியுங்கள், பின்முனையிலும் அப்படியே. இரண்டு குறிக்கும் நடுவே டேப்பைப் பிடியுங்கள். படகு கோணலாக நின்றால் அளவு குறைந்து வரும். அதனால் இரண்டு முறை அளந்து பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 12, 20, 75, 100, 200 ஆகிய எல்லைகளுக்குப் பக்கத்தில் வந்தால் சர்வேயரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

2. எந்தக் கருவி தேவை என்று எழுதிக்கொள்ளுங்கள்

12 மீட்டரும் அதற்கு மேலும்: ஹாரன்.
20 மீட்டரும் அதற்கு மேலும்: ஹாரனோடு மணி.
100 மீட்டரும் அதற்கு மேலும்: இந்த இரண்டோடு சேகண்டி. அதன் ஒலி மணியின் ஒலியோடு குழம்பக் கூடாது.
12 மீட்டருக்குக் கீழ்: மேற்சொன்னவை கட்டாயமில்லை. ஆனால் தெளிவாகக் கேட்கும்படி ஒலி எழுப்ப ஏதாவது ஒரு வழி இருந்தே ஆக வேண்டும்.

இதில் வழக்கமாக நடக்கும் தவறு பழைய பட்டியல். பல பட்டறைகளில் நகலுக்கு நகல் எடுத்த காகிதம் ஒன்று சுவரில் ஒட்டியிருக்கும், அதில் 12 மீட்டரிலிருந்தே மணி வேண்டும் என்று இருக்கும். அது பழைய விதி. 29 நவம்பர் 2003 முதல் மணிக்கான எல்லை 20 மீட்டர். 15 மீட்டர் படகுக்கு மணி வாங்கி வைப்பதில் குற்றமில்லை. தேவையில்லாத செலவு, அவ்வளவுதான்.

3. ஹாரனின் சுருதியும் சத்தமும்

இங்கே நிதானமாக நில்லுங்கள். புதியவர்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

சுருதியில் தொடங்குவோம். அடிப்படை அதிர்வெண் 200 மீட்டருக்கு மேற்பட்ட கப்பலுக்கு 70 முதல் 200 ஹெர்ட்ஸ். 75 முதல் 200 மீட்டருக்குள் 130 முதல் 350. 75-க்குக் கீழ் 250 முதல் 700. கப்பல் பெருக்கப் பெருக்கக் குரல் தடிக்கும். மூட்டத்தில் எதிரே இருப்பது கண்ணுக்குத் தெரியாத நேரத்தில், குரலை வைத்தே ஆள் பெரியவரா சின்னவரா என்று காது ஊகிக்க வேண்டும். பந்தாவுக்காக ஒரு சின்ன டக்கில் (கப்பலை இழுக்கும் படகு) பெரிய கப்பலின் கனத்த ஹாரனை மாட்டக் கேட்ட ஓனர்கள் உண்டு. மறுத்துவிடுங்கள். எதிரே வருபவனுக்குத் தவறான படத்தைக் காட்டும் வேலை அது.

அடுத்தது சத்தம். ஒரு மீட்டர் தூரத்தில் அளக்கும்போது 200 மீட்டருக்கு மேல் 143 டெசிபல், 75 முதல் 200 வரை 138, 20 முதல் 75 வரை 130. இவை கேட்க வேண்டிய தூரம் முறையே 2, ஒன்றரை, 1 கடல் மைல். 20 மீட்டருக்குக் கீழே அரை கடல் மைல் போதும். அதற்குத் தேவையான டெசிபல் சுருதியைப் பொறுத்து மாறும்: 180 முதல் 450 ஹெர்ட்ஸ் வரை 120, 450 முதல் 800 வரை 115, 800 முதல் 2100 வரை 111.

இந்த அளவு மூன்றில் ஒரு பங்கு ஆக்டேவ் பட்டைக்குள் எடுத்தது. அதாவது கருவி போடும் மொத்தக் கூச்சலையும் கூட்டிச் சொல்லும் எண் அல்ல, குறிப்பிட்ட சுருதிப் பட்டைக்குள் இருக்கும் சத்தம் மட்டும். அதனால்தான் லாரி ஹாரன் டப்பாவில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் டெசிபல் இங்கே செல்லாது. ஒரு பையன் மும்பையின் லோகார் சால் கடைத்தெருவில் ஒரு ஜோடி லாரி ஏர் ஹாரன் வாங்கிவந்து, "இதுல 150-ன்னு போட்டிருக்குண்ணே, கேட்டதுக்கு மேலயே இருக்கு" என்றான். எப்படி அளந்தது, எந்தத் தூரத்தில், எந்தப் பட்டையில் என்று எதுவும் அந்த டப்பாவில் இல்லை. வகை அங்கீகாரச் சான்றிதழ் இருந்தால் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் அதிலேயே பதில் இருக்கும்.

கூடுதல் சத்தம் இருந்தால் நல்லதுதானே என்று நினைக்காதீர்கள். சொந்தப் படகின் ஹாரன், படகில் நின்று காதுகொடுத்துக் கேட்கும் இடங்களில் 110 டெசிபலைத் தாண்டக் கூடாது, முடிந்தவரை 100-க்குள் இருக்க வேண்டும். ஊதி முடித்த பிறகு எதிர்க்கப்பலின் பதிலைக் கேட்க வேண்டிய காது அது.

4. இடம் பார்ப்பது

இப்போதுதான் "எங்க மாட்டணும்?"

விதி சொல்வது முடிந்தவரை உயரத்தில். ஒலியை மறைக்கும் பொருள் முன்னால் இருக்கக் கூடாது, கீழே நிற்பவர்களின் காதும் தப்ப வேண்டும். ஒரு திசையில் மட்டும் ஒலியை வீசும் ஹாரன் ஒன்றுதான் இருக்கிறது என்றால் அதன் வாய் நேராக முன்னோக்கி இருக்க வேண்டும். வாய் நோக்கும் நேர்கோட்டுக்கு இருபுறமும் 45 பாகை வரை சத்தம் தேவையான அளவிலிருந்து 4 டெசிபலுக்கு மேல் குறையக் கூடாது. மற்றத் திசைகளில் 10 வரை குறையலாம்.

மனக்கணக்கு ஒன்று சொல்கிறேன். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போது சத்தம் 6 டெசிபல் குறையும். 130 டெசிபல் ஹாரன் 2 மீட்டரில் 124, 4 மீட்டரில் 118, 8 மீட்டரில் 112, 10 மீட்டரில் 110. 25 மீட்டர் படகில் வாய்க்கு நேர் முன்னே பத்து மீட்டருக்குள் ஆள் நிற்கும் இடம் இருந்தால் இடம் தவறு என்று இதிலேயே தெரிந்துவிடும். வீல்ஹவுஸ் (சுக்கான் அறை) கூரைக்கு மேலே, ஆள் நிற்கும் இடம் ஹாரனுக்குப் பின்னாலும் கீழேயும் வரும்படி வைத்தால் வேலை எளிது. கடைசி முடிவை மீட்டர்தான் சொல்லும். இந்தக் கணக்கு டிரில் போடுமுன் மனதில் ஓட்டிப் பார்க்க.

புகைபோக்கிக்குப் பின்னால் மாட்டுவது, ரேடாருக்கு அடியில் திணிப்பது, சர்ச்லைட்டை ஹாரனின் வாய்க்கு முன்னாலேயே பிறகு பொருத்துவது ஆகிய மூன்றையும் பார்த்திருக்கிறேன். மூன்றாவதைச் செய்தவன் நானே. மின்காந்த ஹாரனாக இருந்தால் காந்தத் திசைகாட்டியிலிருந்து விலக்கி வையுங்கள். எவ்வளவு விலக்க வேண்டும் என்று கருவியின் கையேட்டில் இருக்கும்.

நீளமான கப்பலில் இரண்டு ஹாரன் 100 மீட்டருக்கு மேல் இடைவெளியில் இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் ஒலிக்காதபடி இணைக்க வேண்டும். ஒலி வேகத்துக்கு 100 மீட்டர் கடக்கக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வினாடி ஆகும். தொலைவில் கேட்பவனுக்கு ஒரு குறும் ஒலி இரண்டாகக் காதில் விழுந்தால் அர்த்தமே தலைகீழாகிவிடும்.

5. காற்றுக் குழாயும் மின்வயரும்

ஹாரன் சரியாக இருந்தும் ஒலி சரியாக வராததற்குக் காரணம் பத்தில் எட்டு முறை இந்தப் பகுதியில்தான் இருக்கும்.

காற்றில் இயங்கும் ஹாரனுக்கு சோலனாய்டு வால்வை (பட்டனை அழுத்தினால் மின்சாரத்தில் திறக்கும் வால்வு) ஹாரனுக்கு ஒட்டினாற்போல மேலே வையுங்கள். புதியவர்கள் ஏணி ஏறச் சோம்பல்பட்டு அதைக் கீழே, கம்ப்ரஸர் பக்கத்தில் மாட்டுவார்கள். பட்டனை அழுத்தியதும் காற்று முதலில் குழாய் முழுவதையும் நிரப்பிவிட்டுத்தான் ஹாரனை எட்டும். ஒரு வினாடிக் குறும் ஒலி அதற்குள் முடிந்துபோகும், மேலே "ப்ஸ்" என்று மட்டும் கேட்கும். விரலை எடுத்த பிறகும் குழாயில் மிச்சமிருக்கும் காற்று இழுத்துக்கொண்டே ஊதும். குறும் ஒலி நீண்டதுபோல ஆகிவிடும்.

குழாயைச் சாய்வாகப் போட்டு, தாழ்ந்த முனையில் வடிகால் திருகு ஒன்று வையுங்கள். மும்பைக் காற்றில் ஈரம் அதிகம். அழுத்திய காற்றிலிருந்து தண்ணீர் பிரிந்து குழாயில் தேங்கும். வடிகால் இல்லாத குழாய் ஜூலையில் கொப்பளிக்கும் ஹாரனைத்தான் தரும். வால்வுக்கு முன்னால் வடிகட்டியும் போடுங்கள், துருத்தூள் ஹாரனுக்குள் அதிரும் தகடான டயாப்ரத்தில் போய் உட்காராமல் இருக்க.

மின்சார ஹாரனில் அளவைச் சுமையோடு எடுக்க வேண்டும். ஒரு டக்கில் ஹாரன் இருமிக்கொண்டிருந்தது. பையன் மல்டிமீட்டரை வைத்து "24.6 வருதுண்ணே, சப்ளை சரி, ஹாரன்தான் போச்சு" என்றான். பட்டனை அழுத்திப் பிடித்தபடி பார் என்றேன். 17-க்கு இறங்கியது. மாஸ்ட் உயரத்துக்கு மெல்லிய வயர் இழுத்திருந்தார்கள். தடித்த வயர் மாற்றியதும் அதே ஹாரன் கணீர் என்றது. புது ஹாரன் செலவு மிச்சம்.

பெரிய கப்பல்களில் ஹாரனுக்கு அவசர மின்சாரத்திலிருந்தும் இணைப்பு வேண்டும். சோலாஸ் (கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம்) விதிப்படி அது சரக்குக் கப்பலில் 18 மணி நேரமும் பயணிகள் கப்பலில் 36 மணி நேரமும் தாங்க வேண்டும். பிரதான சுவிட்சை அணைத்துவிட்டு ஊதிப் பார்க்காமல் "இணைப்பு இருக்கு" என்று எழுதாதீர்கள்.

மாஸ்டில் வேலை நடக்கும்போது காற்று பாட்டிலின் வால்வை மூடி, பிரிட்ஜில் (கப்பலை ஓட்டும் மேல்தளம்) உள்ள ஹாரன் பட்டனில் "ஆள் மேலே" என்று அட்டை மாட்டுங்கள். ஒருமுறை அட்டை மாட்டாமல் ஏறினேன். கீழே யாரோ ஆர்வக் கோளாறில் அழுத்திவிட்டார். கை பிடித்த பிடி விடவில்லை, அது என் அம்மா செய்த புண்ணியம். காதுக்குள் மூன்று நாள் சில்வண்டு கத்தியது.

6. மணி

மணியின் வாய் விட்டம் குறைந்தது 300 மில்லிமீட்டர். அரிக்காத உலோகம், தெளிந்த நாதம், ஒரு மீட்டரில் 110 டெசிபலுக்குக் குறையாத சத்தம். அடிக்கும் நாவின் எடை மணியின் எடையில் 3 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. மணி 18 கிலோ என்றால் நாக்கு 540 கிராமாவது இருக்க வேண்டும்.

மும்பையின் பழைய பொருள் சந்தையான சோர் பஜாரில் தொங்கும் பித்தளைக் "கப்பல் மணி"களைப் பார்த்து ஏமாறாதீர்கள். பல மணிகள் வரவேற்பறை அலங்காரத்துக்காக வார்த்தவை: மெல்லிய சுவர், சுண்டைக்காய் நாக்கு. விரலால் சுண்டினால் இனிமையாக இருக்கும், பத்தடி தள்ளிப்போனால் காணாமல் போகும். தாருகானாவில் உடைத்த கப்பல்களிலிருந்து வரும் மணிகள் நல்ல கனம், ஆனால் விரிசல் பார்க்க வேண்டும். கயிற்றில் தொங்கவிட்டு மரச்சுத்தியால் மெல்லத் தட்டுங்கள். நாதம் நீண்டு அடங்கினால் சரி. தகர டப்பாபோல உடனே செத்தால் வேண்டாம்.

மணிக்கு பெயின்ட் அடிக்காதீர்கள். சர்வேக்கு முந்தைய நாள் படகு முழுக்க வர்ணம் பூசும் உற்சாகத்தில் மணியையும் சேர்த்துப் பூசிவிடுவார்கள். பூச்சு நாதத்தை மழுக்கும், நாவின் மூட்டையும் இறுக்கிவிடும். தொங்கும் இடத்தில் நாக்கு முழு வீச்சும் ஆட இடம் இருக்கிறதா, மழைத் தார்ப்பாய் மணியில் உரசுகிறதா என்று பாருங்கள்.

மோட்டார் வைத்து அடிக்கும் அமைப்பு நல்லதுதான், ஒரே சீராக அடிக்கும். ஆனால் கையால் அடிக்கும் வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். நாவின் கயிற்றைக் கழற்றி வீசிவிட்டு மோட்டாரை மட்டும் நம்பியவர்கள் சர்வேயில் தோற்றிருக்கிறார்கள்.

7. சேகண்டி

100 மீட்டருக்கு மேற்பட்ட கப்பல் நங்கூரத்தில் நிற்கும்போது மூட்டத்தில் மணி முன்பக்கம் அடிக்கும், உடனே பின்பக்கம் சேகண்டி அடிக்கும். கப்பலின் இரு முனையையும் இருளில் ஒலியால் காட்டும் ஏற்பாடு. எனவே சேகண்டியைப் பின்பகுதியில் தொங்கவிட ஏற்பாடு செய்யுங்கள். வீல்ஹவுஸில் மணிக்குப் பக்கத்திலேயே மாட்டிவைத்தால் நோக்கமே போச்சு.

தவறுகள் இரண்டுதான். ஒன்று, தகடு சுவரில் பட்டுக்கொண்டு தொங்குவது. எல்லாப் பக்கமும் காற்று இருந்தால்தான் அதிரும். இரண்டு, அடிக்கும் கட்டை காணாமல் போவது. கட்டையைச் சங்கிலி போட்டுக் கட்டுங்கள். சத்தம் மணியைப் போலவே ஒரு மீட்டரில் 110 டெசிபல். பூஜைக் கடையில் வாங்கிய சேகண்டி நாதம் அருமையாகத்தான் இருக்கும், சான்றிதழ் இருக்காது.

ஒலிபெருக்கி வழியாக மணி, சேகண்டி ஓசையை எழுப்பும் மின்னணுக் கருவிகளையும் விதி ஏற்கிறது. ஓசையின் தன்மை அதேபோல் இருக்க வேண்டும், கையால் இயக்கும் வழியும் இருக்க வேண்டும்.

8. 12 மீட்டருக்குக் கீழான படகுகள்

கட்டாயமில்லை என்ற சொல்லை மட்டும் படித்துவிட்டு நிம்மதியாகிவிடும் ஆட்கள் அதிகம். வாக்கியத்தின் மறுபாதி "வேறு வழி இருக்க வேண்டும்" என்கிறது. டப்பாவில் அடைத்த வாயு ஹாரன் நல்ல தேர்வு, ஆனால் வாயு எப்போது தீரும் என்று தெரியாது. மாற்று டப்பா ஒன்று, வாயால் ஊதும் பிளாஸ்டிக் விசில் ஒன்று, இரண்டையும் சுக்கானுக்குப் பக்கத்திலேயே கட்டிவையுங்கள். லைஃப் ஜாக்கெட்டுப் பெட்டியின் அடியில் கிடக்கும் ஹாரன் இல்லாத ஹாரன்தான்.

9. மூடிய பிரிட்ஜுக்குக் காது

சோலாஸ் விதிக்கு உட்பட்ட கப்பலின் பிரிட்ஜ் முற்றிலும் கண்ணாடியடைத்து ஏசி போட்டதாக இருந்தால், வெளியே வரும் ஒலியை உள்ளே கேட்கச் செய்யும் ஒலிவாங்கி அமைப்பும் வேண்டும். 70 முதல் 820 ஹெர்ட்ஸ் வரையான ஒலியை எல்லாத் திசையிலிருந்தும் வாங்கி, அது வரும் திசையையும் அது காட்ட வேண்டும். வெளி மைக்குகளை ஏசி வெளியூதி, எஞ்சின் அறைக் காற்றாடி இவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். இதற்கு மேல் இதில் வித்தை ஒன்றும் இல்லை.

10. சோதனை ஓட்டம்

முதலில் துறைமுகக் கட்டுப்பாட்டுக்கு வி.எச்.எஃப் ரேடியோவில் சொல்லுங்கள். நிறுத்தாமல் தொடர்ந்து ஊதுவது ஆபத்து அறிவிப்புக்கான ஒலி. பட்டன் சிக்கிக்கொண்டு உங்கள் ஹாரன் நில்லாமல் கத்தினால் சுற்றியுள்ளவர்கள் உதவிக்கு ஓடிவரக் கடமைப்பட்டவர்கள். காற்று வால்வுக்குப் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள்.

குறும் ஒலி சுமார் 1 வினாடி, நீள் ஒலி 4 முதல் 6 வினாடி. ஸ்டாப்வாட்ச் இல்லாமல் ஊதினால் நீள் ஒலி எல்லார் கையிலும் இரண்டரை வினாடியில் முடிந்துவிடுகிறது. பதற்றத்தில் இன்னும் குறையும். அது குறுமா நீளமா என்று கேட்பவன் தலையைப் பிய்த்துக்கொள்வான்.

பிறகு ஐந்து குறும் ஒலி, விரைவாக. அழுத்தமானியில் கண் வையுங்கள். ஐந்தாவதிலும் முதல் ஒலியின் குரல் இருக்க வேண்டும். அழுத்தம் கருவித் தட்டில் எழுதிய குறைந்தபட்சத்துக்குக் கீழே போனால் காற்று பாட்டில் சிறியது அல்லது எங்கோ கசிவு. சோப்பு நுரையை மூட்டுகளில் தடவினால் கசிவு காட்டிக்கொடுக்கும்.

மூட்ட நேரத் தானியங்கியை இயக்கிப் பத்து நிமிடம் விடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கப்பலுக்கு 2 நிமிடத்துக்குள் ஒரு நீள் ஒலி வேண்டும். நங்கூரம் போடாமலேயே படகு நகராமல் நின்றால் இரண்டு நீள் ஒலி, நடுவே சுமார் 2 வினாடி இடைவெளி. படகு நின்ற பிறகும் தானியங்கி ஒற்றை ஒலியையே ஊதிக்கொண்டிருக்கும், மாற்ற வேண்டியது ஆள்தான். இதை மாலுமிகளுக்குச் செய்து காட்டுங்கள். மூட்டம் என்றதும் குளிர்காலப் பனியை மட்டும் நினைக்க வேண்டாம். ஜூன், ஜூலையில் படகின் முன்முனையான அணியமே தெரியாமல் கொட்டும் மழையும் அதே கணக்குத்தான். மாண்ட்வாவுக்குப் பயணிகளை ஏற்றிப்போகும் படகுகள் அப்போது ஓய்வெடுக்கும், டக்குகளுக்கு ஓய்வில்லை.

நங்கூரத்தில் மணி: ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை 5 வினாடி விரைந்து அடிப்பது. தரைதட்டினால் அதற்கு முன்னும் பின்னும் மூன்று தனித்தனி அடி. 12 முதல் 20 மீட்டர் படகுக்கு இந்த மணியொலி கட்டாயமில்லை. அடிக்காவிட்டால் 2 நிமிடத்துக்கு ஒருமுறை வேறு ஏதாவது தெளிவான ஒலி வேண்டும்.

ஒன்றையொன்று கண்ணால் பார்க்கும் நிலையில் மட்டும் ஒரு குறும் ஒலி "வலப்பக்கம் திரும்புகிறேன்", இரண்டு "இடப்பக்கம்", மூன்று "இயந்திரம் பின்னோக்கி ஓடுகிறது". ஐந்து என்பது "உன் நோக்கம் எனக்குப் புரியவில்லை". நம் ஆட்கள் ஐந்தை "விலகுடா" என்று ஊதுகிறார்கள். சாலைப் பழக்கம் கடலுக்கும் வந்துவிட்டது. இந்த ஒலிகளின் அட்டவணையைப் பட்டனுக்குப் பக்கத்தில் தமிழில் எழுதி லேமினேட் செய்து ஒட்டுங்கள். இரவு இரண்டு மணிக்கு யாரும் விதிநூலைப் புரட்ட மாட்டார்கள்.

11. சர்வே நாள்

யார் வந்து பார்ப்பார் என்பது படகின் பதிவைப் பொறுத்தது: வணிகக் கடல்துறையின் சர்வேயர், கப்பலின் தரத்துக்குச் சான்று தரும் வகைப்படுத்தும் சங்கத்தின் சர்வேயர், அல்லது மாநிலக் கடல்சார் வாரியத்தின் ஆள். கருவியும் அதைப் பொருத்திய விதமும் கொடிநாட்டின் (படகு பதிவான நாடு) அதிகாரியைத் திருப்திப்படுத்த வேண்டும் என்பதே விதி. அதனால் சான்றிதழோடு நீங்கள் எடுத்த அளவுகளையும் ஒரே கோப்பில் வையுங்கள்: மொத்த நீளம், மணியின் விட்டம், மணியின் எடையும் நாவின் எடையும், சுமையோடு எடுத்த வோல்ட், ஐந்து ஒலிக்குப் பின் அழுத்தம், வீல்ஹவுஸ் வாசலில் டெசிபல். இந்தத் தாள் இருந்தால் சர்வேயர் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறார் என்பது என் அனுபவம்.

உபரியாக ஒரு டயாப்ரம், ஒரு ஃப்யூஸ், சோலனாய்டு சுருள் ஒன்று படகிலேயே இருக்கட்டும். மழைக்காலம் முடிந்ததும் ஹாரனின் வாயை டார்ச் அடித்துப் பாருங்கள். குளவி மண்கூடு கட்டுவதற்கு அதைவிட வாகான இடம் துறைமுகத்தில் இல்லை. பெயின்ட் வேலைக்காக ஹாரன் வாயில் கட்டிய பிளாஸ்டிக் உறையை யாராவது அவிழ்த்தார்களா என்று சர்வே அன்று காலை நீங்களே ஏறிப் பாருங்கள். கீழே நின்று கேட்டால் எல்லாரும் "அவிழ்த்தாச்சுண்ணே" என்றுதான் சொல்வார்கள்.